ஃபிலிமில் தெரிந்த இன்னொரு கோடு

சென்ற இதழை பெய்டன் ரூஸின் கோழியோடு நிறுத்தினோம். கோழிக்குக் கட்டி தருவதாக 1911இல் அவர் உலகுக்குச் சொன்ன அந்த வைரஸ், கோழியின் செல்லிலிருந்தே எப்போதோ களவாடிய ஒரு மரபணுவைச் சுமந்து திரிந்தது. இந்த இதழில் வரும் வைரஸ்கள் வேறு ரகம். இவை செல்லிடமிருந்து வளர்ச்சி மரபணு எதையும் திருடவில்லை. தங்களுக்கே சொந்தமான ஒன்றிரண்டு புரதங்களை வைத்துக்கொண்டு, செல் தன்னைத்தானே அடக்கி ஆளும் இரண்டு புரதங்களை முடக்குகின்றன. அந்த இரண்டில் ஒன்று இருக்கிறது என்பதே இந்த வைரஸ்களால்தான் தெரியவந்தது. மற்றொன்று செல்லுக்குள் என்ன வேலை பார்க்கிறது என்பதற்கும் முதல் துப்பு இவற்றிடமிருந்துதான் கிடைத்தது. இன்று புற்றுநோய் மருத்துவம் படிக்கும் மாணவர் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்யும் இரண்டு பெயர்கள், வைரஸ்களைப் பின்தொடர்ந்து போனதால் நமக்குக் கிடைத்தவை.

கதை போலியோவில் தொடங்குகிறது. 1950களில் போலியோ தடுப்பூசிக்கான வைரஸை ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்த்தார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்னிஸ் எட்டி, அந்தக் குரங்குச் செல்களின் சாற்றைப் புதிதாகப் பிறந்த ஹாம்ஸ்டர் குட்டிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார். மாதங்கள் கழித்து ஊசி போட்ட இடத்தில் கட்டிகள் எழும்பின. மேலிடத்தில் அவருடைய எச்சரிக்கைக்கு மதிப்புக் கிடைக்கவில்லை. அறிவியல் வரலாற்றில் இப்படி ஓரங்கட்டப்பட்ட பெண்களின் வரிசையில் எட்டியின் பெயரை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

1960இல் மெர்க் நிறுவனத்தின் பென் ஸ்வீட்டும் மாரிஸ் ஹில்லமனும் அந்தச் செல்களில் ஒளிந்திருந்த வைரஸைப் பிடித்தார்கள். ரீசஸ் குரங்கின் செல்லில் அது எந்தத் தடயமும் விடுவதில்லை. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்லுக்குள் போட்டால்தான் செல்லெங்கும் குமிழ்கள் பொங்கும். எஸ்வி40 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பயந்ததுபோல் எதுவும் நடந்துவிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்களை நெடுங்காலம் கண்காணித்த கணக்கெடுப்புகள், அவர்களிடையே புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. தடுப்பூசி தயாரிப்பிலிருந்தும் 1960களின் தொடக்கத்திலேயே அந்த வைரஸ் நீக்கப்பட்டுவிட்டது.

ஆனால் ஆய்வுக்கூடங்களுக்கு எஸ்வி40 ஒரு புதையலாக வாய்த்தது. அதன் மரபணுத் தொகுதி முழுவதும் சுமார் 5,200 எழுத்துகள். மனித மரபணுத் தொகுதியோ 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. இவ்வளவு சின்ன வைரஸால் ஹாம்ஸ்டருக்குக் கட்டியை வரவழைக்க முடிகிறதென்றால், காரணத்தைத் தேடவேண்டிய இடம் மிகச் சிறியது. கட்டி வந்த ஹாம்ஸ்டர்களின் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருந்தன. கட்டி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்து அதை டி புரதம் என்று அழைத்தார்கள். எஸ்வி40 வைரஸ் மாற்றிவைத்த எல்லாச் செல்லிலும் அந்தப் புரதம் இருந்தது.

இனி 1979க்கு வருவோம். லண்டனில் லயனல் கிராஃபர்டின் ஆய்வகத்தில் டேவிட் லேன் என்ற இளைஞர். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவினும் அவருடைய மாணவர் டேனியல் லின்சரும். இரு இடத்திலும் செய்தது ஏறக்குறைய ஒரே வேலைதான்.

அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்த இதழின் கண்டுபிடிப்புகளில் பல இதே வேலையிலிருந்து வந்தவை. கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தைச் செல்களுக்கு ஊட்டுவார்கள். செல் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு புரதத்திலும் அது சேர்ந்துகொள்ளும். பிறகு செல்களைச் சோப்பு நீர் போன்ற கரைசலில் உடைத்து, டி புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியை விடுவார்கள். ஆன்டிபாடியையும் அதில் ஒட்டியவற்றையும் சுழற்றிப் படியவைத்து, மற்றதைக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். எஞ்சியதை ஒரு ஜெல் பலகையின் உச்சியில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் சிறிய புரதங்கள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் கீழே இறங்கும். ஜெல்லைக் காயவைத்து எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்து இருட்டில் நாள்கணக்கில் வைத்துவிட்டுக் கழுவினால், புரதம் நின்ற இடமெல்லாம் கறுப்புக் கோடு விழுந்திருக்கும்.

மேலே எதிர்பார்த்தபடி டி புரதத்தின் தடித்த கோடு. அதற்குக் கீழே, 53 ஆயிரம் எடை என்று கணக்கிடத்தக்க உயரத்தில், இன்னொரு கோடு. யாரும் அதற்குத் தூண்டில் போடவில்லை. தூண்டிலில் சிக்கிய மீனின் வாலைக் கவ்வியபடி கரைக்கு வந்த வேறொரு மீன் அது.

அழுக்கு என்று ஒதுக்கிவிட எல்லா நியாயமும் இருந்தது. டி புரதம் உடைந்து விழுந்த துண்டாக இருக்கலாம். வைரஸின் வேறொரு புரதமாக இருக்கலாம். ஆன்டிபாடி தவறுதலாகப் பிடித்த ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். லேனும் கிராஃபர்டும் அது டி புரதத்தோடு உண்மையிலேயே பிணைந்து கிடக்கிறது என்று காட்டினார்கள். லின்சர் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எஸ்வி40 வைரஸை ஒருநாளும் சந்தித்திராத எலிக் கருக்கட்டிச் செல்களிலும் அதே புரதம் இருப்பதை அவர் கண்டார். ஆக, அது வைரஸின் சொத்தல்ல, செல்லின் சொத்து. வைரஸ் அதைத் தேடிப்போய்ப் பிடித்திருக்கிறது. அதே ஆண்டில் நியூயார்க்கில் லாய்ட் ஓல்டின் குழு, ரசாயனத்தால் கட்டி வரவழைத்த எலிகளிலும் இதே எடையில் ஒரு புரதத்தைக் கண்டது. பிறகு அதற்கு பி53 என்ற பெயர் நிலைத்தது. உண்மையில் அதன் எடை 44 ஆயிரத்தை ஒட்டியதுதான். அதன் அமைப்பு காரணமாக ஜெல்லில் தயங்கித் தயங்கி இறங்குகிறது.

ஒரு வைரஸுக்கு ஏன் இந்த வேலை? எஸ்வி40 போன்ற வைரஸ் தன் மரபணுவைப் படியெடுக்கத் தேவையான இயந்திரங்களைச் சுமந்து வருவதில்லை. அவ்வளவையும் 5,200 எழுத்துகளுக்குள் அடக்க முடியாது. டிஎன்ஏ படியெடுக்கும் நொதிகளைச் செல்லிடமிருந்துதான் இரவல் வாங்கவேண்டும். ஆனால் நம் உடலின் பெரும்பாலான செல்கள் எந்த நேரத்திலும் பிரிந்துகொண்டிருப்பதில்லை. பிரியாத செல்லில் அந்த நொதிகளும் அவற்றுக்கான மூலப்பொருளும் போதிய அளவு இருக்காது. ஆகவே வைரஸுக்கு ஒரே வழி, ஓய்வில் இருக்கும் செல்லைப் பிரிவதற்குத் தயாராகும்படி தூண்டுவது. அப்படி வேளை தவறித் தூண்டப்பட்ட செல், தனக்குள் ஏதோ கோளாறு என்று உணர்ந்து தன்னையே மாய்த்துக்கொள்ளப் பார்க்கும். அது நடந்தால் வைரஸ் தன் பிள்ளைகளை உருவாக்கி முடிப்பதற்குள் வீடே இடிந்துவிடும். எனவே தூண்டினால் மட்டும் போதாது; சாகவும் விடக்கூடாது. வளர்ச்சி, உயிர்பிழைத்தல் என்ற இந்த இரண்டு தேவைகளும் வைரஸின் பிழைப்புக்கானவை. புற்றுநோய் அதன் நோக்கத்தில் எங்குமே இல்லை.

இந்த விளக்கம் இன்று நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. 1979இல் யாருக்கும் தெரியாது. பத்து ஆண்டுகள் எல்லோரும் பி53 புரதத்தைத் தவறான பக்கத்தில் நிற்கவைத்தார்கள். கட்டிச் செல்களில் அது ஏராளமாக இருக்கிறது. அதன் மரபணுவை இன்னொரு புற்று மரபணுவோடு சேர்த்து எலிச் செல்லுக்குள் விட்டால் செல் கட்டுமீறி வளர்கிறது. ஆகவே இதுவும் புற்றை வளர்க்கும் மரபணுதான் என்று முடிவுகட்டினார்கள். அந்தச் சோதனைகளில் பயன்படுத்திய பி53 பிரதிகள் பழுதானவை என்பது 1989இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. லெவினின் ஆய்வகத்தில் கேத்தி ஃபின்லேயும் ஃபில் ஹைண்ட்ஸும் பழுதில்லாத பிரதியை வைத்துச் சோதனை செய்தபோது முடிவு தலைகீழானது: பி53 செல்லின் கட்டற்ற வளர்ச்சியை அடக்கியது. அதே ஆண்டு பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டைனின் குழு, பெருங்குடல் புற்றுநோயில் பி53 மரபணுவின் ஒரு பிரதி தொலைந்தும் மற்றது சிதைந்தும் இருப்பதைக் காட்டியது. இன்று மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபணு பழுதாகியிருப்பது தெரியும். டிஎன்ஏ சேதமானால் செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தி, சரிசெய்ய முடியாவிட்டால் சாகடிப்பது அதன் வேலை. 1992இல் லேன் அதை மரபணுத் தொகுதியின் காவலன் என்று வர்ணித்தார். வைரஸ் ஏன் அதைத் தேடிப்போய்ப் பிடித்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது புரதம் குழந்தைகளின் கண்ணிலிருந்து வந்தது. விழித்திரைப் புற்று என்பது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாகத் தெரிவதைப் பார்த்துப் பெற்றோர் மருத்துவரிடம் ஓடுவதுண்டு. 1971இல் ஹூஸ்டனில் ஆல்ஃப்ரட் நட்சன் 48 நோயாளிகளின் குறிப்பேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். பரம்பரையாக வரும் குழந்தைக்கு நோய் சீக்கிரம் வருகிறது, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும். மற்றக் குழந்தைக்குத் தாமதமாக, ஒரு கண்ணில். ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் கட்டி வரும். பரம்பரை நோயில் ஒரு பிரதி பிறக்கும்போதே கெட்டிருக்கிறது. இதுதான் நட்சன் கண்டது. அந்த மரபணுவை 1986இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஃபிரெண்டும் கண் மருத்துவர் தாடியஸ் டிரைஜாவும் கண்டெடுத்தார்கள். ஆர்பி என்று அதற்குப் பெயர். அது உருவாக்கும் புரதம் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் எட் ஹார்லோ வேறொரு வைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அடினோ வைரஸ், நமக்குச் சளியும் கண்வலியும் தருவது. மனிதருக்கு அது புற்றுநோய் தந்ததாகச் சான்றில்லை. ஆனால் அதன் ஒரு வகை ஹாம்ஸ்டர் குட்டிகளுக்குக் கட்டி தரும் என்று 1962இல் ஜான் டிரென்டின் காட்டியிருந்தார். ஹார்லோ அதன் இ1ஏ புரதத்துக்கு ஆன்டிபாடி செய்து, மேலே சொன்ன அதே முறையில் இழுத்துப் பார்த்தார். இம்முறை ஒன்றல்ல, பல கோடுகள் கூடவே வந்தன. அவற்றில் ஒன்றின் எடை 105 ஆயிரம். ஆர்பி புரதத்தின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு ஆய்வகங்களும் சேர்ந்து ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 1988இல் அது வெளியானது.

இதன் கனத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் கண்ணில் பரம்பரையாகத் தொலையும் ஒரு புரதமும், சளி வைரஸ் ஒன்று செல்லுக்குள் கட்டிப்போடும் புரதமும் ஒன்று. மரபணு கெட்டாலும் சரி, மரபணு நன்றாக இருந்து அதன் புரதத்தை வைரஸ் முடக்கினாலும் சரி, செல்லுக்கு விளைவு ஒன்றுதான். புற்றுநோய் பரம்பரையா தொற்றா என்று முக்கால் நூற்றாண்டு வாதாடிய இரு தரப்பும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

அதே ஆண்டிலேயே பாஸ்டனில் டேவிட் லிவிங்ஸ்டனின் குழு, எஸ்வி40 வைரஸின் டி புரதமும் ஆர்பி புரதத்தைப் பிடிக்கிறது என்று அறிவித்தது. டி புரதம் ஒரு கையால் பி53, மறு கையால் ஆர்பி என்று இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அடினோ வைரஸ் அந்த வேலையை இரண்டு புரதங்களுக்குப் பங்கு போட்டுத் தந்திருந்தது: இ1ஏ ஆர்பி புரதத்துக்கு, இ1பி என்ற இன்னொன்று பி53 புரதத்துக்கு. ஆர்பி செய்யும் வேலையும் பிறகு துலங்கியது. செல் பிரிவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும் இ2எஃப் என்ற புரதத்தை அது அணைத்துப் பிடித்திருக்கிறது. பிரியும் வேளை வந்தால் செல்லே ஆர்பியின் பிடியைத் தளர்த்தும். வைரஸ் புரதம் அந்த வேளைக்குக் காத்திருப்பதில்லை. ஆர்பியைத் தானே பற்றி இழுத்து இ2எஃப் புரதத்தை அவிழ்த்துவிடுகிறது.

இதுவரை வந்தவை விலங்குகளின் கட்டிகள். மனிதருக்கு உண்மையாகவே புற்றுநோய் தரும் வைரஸ் இதே வழியில் போகிறதா என்ற கேள்வி ஜெர்மனியில் வேறொருவர் கையில் இருந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏதோ தொற்றால் வருவதாக இருக்கலாம் என்ற ஐயம் பழையது. 1842இலேயே இத்தாலியின் ரிகோனி-ஸ்டெர்ன், வெரோனா நகரின் இறப்புப் பதிவுகளைப் புரட்டி, மணமான பெண்களிடம் மிகுதியாக உள்ள கருப்பைப் புற்று கன்னியாஸ்திரிகளிடம் அரிதாக இருப்பதைச் சொன்னார். 1970களில் எல்லோரும் கைகாட்டியது ஹெர்பிஸ் வைரஸை. ஹரால்ட் சுர் ஹௌசன் அதன் டிஎன்ஏவைப் புற்றுத் திசுக்களில் தேடினார், கிடைக்கவில்லை. 1974இல் ஃபிளோரிடாவில் நடந்த மாநாட்டில் அவர் அதைச் சொன்னபோது வரவேற்பு இல்லை. மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் (ஹெச்பிவி) பக்கம் அவர் திரும்பினார். அந்த வைரஸில் பல வகைகள் இருக்கின்றன. ஒரு வகையின் டிஎன்ஏவை வைத்து இன்னொன்றைப் பிடிப்பது கடினம். சுமார் பத்து வருட உழைப்புக்குப் பிறகு, 1983இல் மத்தியாஸ் டியூர்ஸ்ட், லூட்ஸ் கிஸ்மன் ஆகியோருடன் சேர்ந்து ஹெச்பிவி 16, அடுத்த ஆண்டில் ஹெச்பிவி 18 ஆகியவற்றைப் புற்றுத் திசுவிலிருந்தே பிரித்தெடுத்தார். உலகில் கருப்பைவாய்ப் புற்றுகளில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டும்தான் காரணம். கண்டெடுத்த டிஎன்ஏவைக் கேட்டவர்க்கெல்லாம் அவர் கொடுத்தார். மற்ற ஆய்வகங்கள் இவ்வளவு விரைவாக உள்ளே வந்தது அதனால்தான். 2008இல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோது, கண்டுபிடிப்பைப் போலவே இந்தத் தாராளமும் பரிசுக்குரியது என்று எனக்குத் தோன்றியது.

1985இல் அதே குழுவைச் சேர்ந்த எலிசபெத் ஷ்வார்ஸும் மற்றவர்களும் கண்டதுதான் திருப்பம். புற்றுச் செல்களில் வைரஸின் டிஎன்ஏ முழுதாக இல்லை. உடைந்து, மனிதக் குரோமோசோமுக்குள் செருகிக்கொண்டிருந்தது. வைரஸின் மேலுறையைச் செய்யும் பகுதிகள் பயன்பாட்டில் இல்லை. பல செல்களில் தொலைந்தே போயிருந்தன. ஆனால் அவர்கள் பார்த்த செல்களில் இரண்டு மரபணுக்கள் மட்டும் அழியாமல் நின்று வேலை செய்துகொண்டிருந்தன: இ6, இ7. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் மீதிக் கணக்கு தீர்ந்தது. 1989இல் நிக்கலஸ் டைசன், பீட்டர் ஹௌலி, ஹார்லோ ஆகியோர் இ7 ஆர்பி புரதத்தைப் பிடிக்கிறது என்றார்கள். 1990இல் இ6 பி53 புரதத்தைப் பிடிக்கிறது என்று தெரிந்தது. எஸ்வி40, அடினோ, பாப்பிலோமா என்ற மூன்று வெவ்வேறு வைரஸ்களின் ஆர்பி பிடிக்கும் புரதங்களிலும் ஐந்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரே மாதிரியான துண்டு இருந்தது.

இ6 செய்யும் வேலை டி புரதத்தைவிடக் கொடியது. டி புரதம் பி53 புரதத்தைக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் ஃபிலிமில் அவ்வளவு கறுப்பாகக் கோடு விழுந்தது. இ6 அதை அழிக்கிறது. அதற்கும் தன் கைச்சரக்கு எதையும் செலவழிப்பதில்லை. வேண்டாத புரதங்களுக்குக் குறி போட்டு அழிவுக்கு அனுப்பும் நொதி ஒன்று செல்லில் இருக்கிறது. இ6 ஒரு பக்கம் அந்த நொதியையும் மறு பக்கம் பி53 புரதத்தையும் பிடித்துச் சேர்த்துவைக்கிறது. சுமார் 150 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம், 393 அமினோ அமிலங்கள் கொண்ட காவலனைச் செல்லின் கையாலேயே கொல்லவைக்கிறது. சாதாரண மருவை மட்டும் தரும் ஹெச்பிவி 6, 11 வகைகளின் இ6 இப்படிச் செய்வதில்லை. அவற்றின் இ7 புரதமும் ஆர்பியைத் தளர்வாகவே பிடிக்கிறது. மருவுக்கும் புற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு பிடிகளின் இறுக்கத்தில் இருக்கிறது.

தொற்று வந்தவர்க்கெல்லாம் புற்று வருவதில்லை. பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் வைரஸைத் துரத்திவிடுகிறது. இயல்பான தொற்றில் இ2 என்ற இன்னொரு வைரஸ் புரதம், இ6, இ7 இரண்டையும் அளவோடு வைத்திருக்கும். வைரஸ் டிஎன்ஏ உடைந்து குரோமோசோமில் செருகும்போது பல சமயம் இந்த இ2 மரபணுவின் நடுவில்தான் உடைகிறது. கடிவாளம் போய்விடுகிறது. இ6, இ7 அளவின்றிப் பெருகுகின்றன. பி53 இல்லாத செல்லில் டிஎன்ஏ பிழைகள் தட்டிக்கேட்பாரின்றிச் சேர்கின்றன. பத்து, இருபது ஆண்டுகளில் அது புற்றாகிறது. அந்தச் செல்லிலிருந்து ஒரு வைரஸ்கூட வெளியே வராது. வைரஸுக்கும் அது முட்டுச்சந்து.

இந்தப் புரதங்களின் வேலையை வெறும் கண்ணாலேயே பார்க்கும் சோதனை ஒன்று உண்டு; அதில் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2000இல் தொடங்கி அங்கே கிராமங்களில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருப்பது அதே அமிலம்தான். ஒரு நிமிடம் கழித்து, இயல்பான இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும்; பிரிவதை நிறுத்தாத செல்கள் நெருங்கிக் கிடக்கும் இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும். அந்தச் செல்களின் பெருத்த உட்கருவில் செறிந்த புரதத்தை அமிலம் உறையவைப்பதால் வரும் வெண்மை அது. எல்லா வெண்மையும் ஆபத்தல்ல. ஆனால் புற்றுக்கு முந்தைய நிலை என்றால், இ7 அவிழ்த்துவிட்ட செல்கூட்டம்தான் அங்கே வெளுத்துத் தெரிகிறது. தேவைப்பட்டவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சையைச் செவிலியர்களே அங்கேயே கொடுத்தார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: சோதனை செய்த ஊர்களில் இந்தப் புற்று 25 சதவீதமும் அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. மைக்ரோஸ்கோப்போ பெரிய ஆய்வகமோ இல்லாத இடத்தில் இது நடந்தது.

இன்னும் ஒரு சோதனையைச் சொல்லவேண்டும். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் கருப்பைவாய்ப் புற்றோடு சேர்க்கப்பட்டார். அவரிடம் கேட்காமலேயே எடுத்த திசுவிலிருந்து ஜார்ஜ் கை வளர்த்த செல்கள்தாம் ஹீலா செல்கள். லாக்ஸ் அந்த ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். செல்கள் உலகெங்கும் பெருகின. அவருடைய குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக இது தெரியாது. அந்த அநீதியைச் சொல்லாமல் அந்தச் செல்களைப் பற்றி எழுதுவது முறையாகாது. அவருக்கு வந்தது ஹெச்பிவி 18 தந்த புற்று என்பது சுர் ஹௌசனின் குழுவால்தான் தெரிந்தது.

2000ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் குட்வினும் டேனியல் டிமையோவும் அந்த ஹீலா செல்களுக்குள் இ2 புரதத்தைத் திரும்பச் செலுத்தினார்கள். மாடுகளுக்கு மரு தரும் பாப்பிலோமா வைரஸிலிருந்து எடுத்த இ2 அது. உடனே இ6, இ7 இரண்டும் அடங்கின. அழிப்பார் இல்லாததால் பி53 செல்லுக்குள் சேரத் தொடங்கியது. ஆர்பி மீண்டும் இ2எஃப் புரதத்தைப் பிடித்துக்கொண்டது. ஐம்பது ஆண்டுகளாக உலகின் எல்லா ஆய்வகங்களிலும் ஓயாமல் பிரிந்துகொண்டிருந்த செல்கள் சில நாள்களில் நின்றன. தட்டையாக, அகலமாக விரிந்து கிடந்தன. முதுமையடைந்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயத்தை ஊற்றியபோது நீலமாயின. பி53, ஆர்பி மரபணுக்கள் அந்தச் செல்களில் ஒருநாளும் பழுதாகவில்லை. அவை தரும் புரதங்களைத்தான் இரண்டு வைரஸ் புரதங்கள் அரை நூற்றாண்டாக நாள்தோறும் முடக்கி வந்தன.

இதில் நம்பிக்கையும் உண்டு, ஒரு குறையும் உண்டு. இன்று பெண் குழந்தைகளுக்குப் போடும் ஹெச்பிவி தடுப்பூசி, வைரஸின் மேலுறைப் புரதமான எல்1 மட்டும் கொண்டது. ஆஸ்திரேலியாவில் இயன் ஃபிரேசரும் ஜியான் சோவும் 1991இல் அந்த உறையை வைரஸ் இல்லாமலேயே கட்டிக்காட்டினார்கள். 2006இல் தடுப்பூசி வந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே அதைத் தடுப்பதில் அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் புற்றுச் செல்லில் எல்1 கிடையாது. இ6, இ7 மட்டும்தான். எனவே ஏற்கெனவே தொற்று வேரூன்றிய பெண்ணுக்கு அந்தத் தடுப்பூசி மருந்தாகாது. இ6, இ7 புரதங்களையே குறிவைத்து உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சைத் தடுப்பூசிகளை ஆய்வகங்கள் இன்றும் சோதித்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்த இதழில் உகாண்டாவுக்குப் போவோம். அங்கே குழந்தைகளின் தாடையில் வீங்கிய கட்டிகளை டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் குறித்துவைத்தார். அந்தக் கட்டிச் செல்களில் எப்ஸ்டைனும் பாரும் ஒரு வைரஸைக் கண்டார்கள். செல்லைச் சாகவிடாமல் காக்கும் வித்தை அந்த வைரஸிடம் வேறு வடிவில் இருக்கிறது.

(தொடரும்)